அதே பாட்டு, இன்னொரு முறை

வானொலியில் ஒலிக்கும் பாட்டை அறிவிப்பாளர்தான் தேர்ந்தெடுக்கிறார் என்று நேயர்கள் பலர் இன்னமும் நம்புகிறார்கள். உண்மை வேறு. பல நிலையங்களில் பாடல் வரிசையைப் போடுவது ஒரு மென்பொருள். வேகம், மனநிலை, வெளிவந்த ஆண்டு, ஆண் குரலா பெண் குரலா என்று ஒவ்வொரு பாட்டுக்கும் குறியீடுகள் உண்டு. ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக்கூடாது. ஒரு முறை ஒலித்த பாட்டு மற்றவற்றுக்கு வழிவிட்டு, மறுபடியும் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த விதிகளோடு பல ஆண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறேன். அதனால்தானோ என்னவோ, ‘டோட்டல் சீரியலிசம்’ என்ற மேற்கத்திய இசைமுறை எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை.

மீடியா படித்தபோது ஒலி பற்றிய வகுப்பில்தான் அதை முதலில் கேட்டேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலேஸ் எழுதிய ‘ஸ்ட்ரக்சர்ஸ்’ படைப்பின் முதல் பகுதி. இரண்டு பியானோ, சுமார் மூன்றரை நிமிடம். நம் சினிமாப் பாட்டைவிடச் சிறியது. ஆனால் முணுமுணுக்க ஒரு வரி கிடையாது, தாளம் போட ஓர் இடம் கிடையாது. வகுப்பில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

இதன் வேர் வியன்னாவில் இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் அர்னால்ட் ஷோன்பெர்க் ஒரு புதிய முறையை வகுத்தார். ஒரு ஸ்தாயியில் உள்ள 12 சுரஸ்தானங்களையும் ஒரு வரிசையில் நிறுத்த வேண்டும். பன்னிரண்டும் ஒலித்து முடியும்வரை எந்தச் சுரமும் திரும்பி வரக்கூடாது என்பதே அடிப்படை விதி. அந்த வரிசையைப் பின்னாலிருந்து வாசிக்கலாம், தலைகீழாகக் கவிழ்க்கலாம், கவிழ்த்ததையும் பின்னாலிருந்து வாசிக்கலாம். இந்த நான்கு வடிவங்களை 12 சுரங்களிலிருந்தும் தொடங்கினால் மொத்தம் 48.

ராகம் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் வேறுபாடு சட்டென்று புரியும். ராகத்தில் சில சுரங்களுக்குச் செல்லம் அதிகம். பாடகர் அங்கே நின்று, குழைந்து, திரும்பத் திரும்ப வந்து சேர்வார். ஷோன்பெர்க் முறையில் எந்தச் சுரத்துக்கும் செல்லம் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த இளைஞர்கள் சுரத்தோடு நிற்கவில்லை. ஒரு சுரம் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும், எவ்வளவு சத்தமாக ஒலிக்க வேண்டும், விரல் அதை எப்படித் தொட வேண்டும் என்பதையும் வரிசைக்குள் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் மில்டன் பாபிட் 1947லேயே இந்த வழியில் எழுதத் தொடங்கினார். பிரான்சில் ஒலிவியே மெசியான் 1949ல் எழுதிய ஒரு பியானோ படைப்பு பலருக்குத் தூண்டுதலாக அமைந்தது. சங்கீத ரத்னாகரம் நூலில் உள்ள 120 தேசி தாளங்களை ஆராய்ந்து, தன் இசையில் பயன்படுத்திய அதே மெசியான்தான்.

அவருடைய மாணவர் பூலேஸ், ஆசிரியரின் அந்தப் படைப்பிலிருந்தே 12 சுரங்களை எடுத்துக்கொண்டு 1951ல் ‘ஸ்ட்ரக்சர்ஸ்’ முதல் பகுதியை எழுதினார். சுரங்களுக்கு 1 முதல் 12 வரை எண் கொடுத்து, 12க்கு 12 கட்டங்கள் கொண்ட இரண்டு அட்டவணைகளைப் போட்டார். அதே எண்கள்தான் நேரத்தையும் தீர்மானித்தன: 1 என்றால் ஒரு சிறு துளி நேரம், 12 என்றால் 12 துளி. சத்தத்துக்கும் மிக மெலிதிலிருந்து மிக உரத்தது வரை 12 படிகள். அட்டவணை தயாரானதும், பெரும்பகுதி இசை தானாகவே வந்து விழும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? பூலேஸ் பிறந்தது 1925ல். ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் 1928ல். நாஜிகள் மனநோயாளிகளைக் கொன்ற திட்டத்தில் ஸ்டாக்ஹவுசன் தாயைப் பறிகொடுத்தார். போர்முனைக்குப் போன தந்தை திரும்பவில்லை. உணர்ச்சியைக் கிளறும் இசை, வானொலி வழியே வீடு வீடாகப் போய் என்னென்ன காரியம் செய்தது என்று பார்த்த தலைமுறை அது. பழைய பழக்கம் எதுவும் ஒட்டாத இசை வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. ஒலிவாங்கி முன் உட்காரும் எனக்கு இது வெறும் வரலாறாகத் தெரியவில்லை. போருக்குப் பின் அதே ஜெர்மன் வானொலிதான், கொலோனில் இருந்த தன் மின்னணு இசைக்கூடத்தில் ஸ்டாக்ஹவுசனுக்கு இடம் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சிக்கல் காதில் வந்தது. அட்டவணையில் அத்தனை ஒழுங்கு இருந்தும், கேட்பவருக்கு அது எட்டவில்லை. அதே 1951ல் அமெரிக்காவின் ஜான் கேஜ், காசு சுண்டி, விழுந்தபடி சுரங்களை அமைத்து ஒரு பியானோ படைப்பை முடித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எது முழுக் கட்டுப்பாடு, எது குருட்டு வாய்ப்பு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஒரு ஞாயிறு காலை நிகழ்ச்சிக்கு வயதான அம்மா ஒருவர் அழைத்தார். “தம்பி, ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு பாட்டு போட்டீங்கள்ல? அது என் பேத்தியோட பாட்டு. அப்போ தூங்கிட்டு இருந்தா. இப்பதான் எந்திரிச்சா. இன்னொரு தடவ போடுவீங்களா?” மென்பொருள் சிவப்பில் எச்சரித்தது. தயாரிப்பாளரைப் பார்த்தேன், தலையசைத்தார். போட்டேன்.

விதியை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் எனக்குப் பிடித்த முப்பது பாட்டையே சுற்றிச் சுற்றிப் போட்டிருப்பேன். மறந்துபோன எத்தனையோ நல்ல பாடல்களை எனக்குத் திருப்பித் தந்தது அந்த மென்பொருள்தான். பூலேசும் அட்டவணையிடம் கேட்டது அதைத்தான்: கை பழகிய பாதையிலிருந்து தன்னை வெளியே இழுத்துப் போடும்படி. ஆனால் பேத்தி எழுந்துவிட்டாள் என்பது அட்டவணைக்குத் தெரியாது. அதைக் கேட்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

பூலேசும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1955ல் அரங்கேறிய ‘ல மார்த்தோ சான் மேத்ர்’ படைப்பில் வரிசை முறை இருக்கிறது. ஆனால் அதை அவர் தன் விருப்பப்படி வளைத்துக்கொண்டார். ஒரு பெண் குரல், புல்லாங்குழல், கித்தார், தாள வாத்தியங்கள். அதன் வைப்ரஃபோன் ஒலிக்குப் பாலித் தீவின் கெமலான் இசை தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். நம் வட்டாரத்துக் காதுக்கு அது பரிச்சயமான ஒலி.

இந்த வாரம் பத்து நிமிடம் கிடைத்தால், முதலில் ‘ஸ்ட்ரக்சர்ஸ்’ முதல் பகுதியைக் கேளுங்கள். பிறகு ‘மார்த்தோ’வில் ஏதாவது ஒரு பகுதி. பிடிக்கவில்லையென்றாலும் பாதியில் நிறுத்தாதீர்கள். பிடித்திருந்தால், தயங்காமல் இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள்.