வாய்ப்பாடு ஒப்பித்தால் போதுமா?

மதியம் இரண்டு மணி. டாக்டரின் அறைக்கு வெளியே, நோயாளிகள் வரிசையிலிருந்து சற்றுத் தள்ளி, கறுப்புப் பையுடன் ஒருவர் நிற்கிறார். கழுத்தில் டை. சத்தமில்லாமல் உதடுகள் மட்டும் அசைகின்றன. பிரார்த்தனை அல்ல, சர்க்கரை நோய்க்கான புதிய மாத்திரையைப் பற்றிக் கம்பெனி எழுதிக் கொடுத்த வாசகங்களை மனதுக்குள் ஒப்பித்துப் பார்க்கிறார். நாக்பூரோ, பாட்னாவோ, குவாஹாத்தியோ, மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் அன்றாடக் காட்சி இது.

உள்ளே கிடைப்பது இரண்டு நிமிடம். வண்ணப் படங்கள் கொண்ட ‘விஷுவல் எய்ட்’டை விரித்து, எந்தப் பக்கத்தில் எந்த வரியோ அதை அப்படியே சொல்ல வேண்டும். மூன்றாம் பக்கத்திலேயே டாக்டர் குறுக்கிட்டு, “சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு இதைக் கொடுக்கலாமா?” என்று கேட்டுவிட்டால்? கைதேர்ந்தவர் அட்டையை மூடிவிட்டுப் பதில் சொல்வார். தெரியாவிட்டால், விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொள்வார். புதியவர் நான்காம் பக்கத்தைத் திருப்புவார். பின்னால் நிற்கும் ஏரியா மேனேஜர் வாசகம் பிசகியதா என்று மட்டுமே பார்ப்பவராக இருந்தால், முழு மதிப்பெண் புதியவருக்குத்தான்.

விற்பவர் எல்லோரும் ஒரே முறையில்தான் விற்க வேண்டும் என்று நிறுவனங்கள் கட்டாயப்படுத்துவதில் உள்ள சிக்கல் இதுதான்.

இந்த வழக்கத்துக்கு வயது நூறுக்கு மேல். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், 1884-இல் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஜான் பேட்டர்சன். கல்லாப்பெட்டி இயந்திரத்தை அமோகமாக விற்றுக்கொண்டிருந்தவர் அவருடைய உறவினரான ஜோசஃப் கிரேன். எல்லாக் கடையிலும் ஒரே பேச்சைத்தான் பேசுவதாக அவர் சொல்ல, 1887-இல் அந்தப் பேச்சு சிறு கையேடாக அச்சானது. பிறகு அதை மனப்பாடம் செய்வது கட்டாயமாயிற்று. செய்யாதவர்களுக்கு வேலை போயிற்று. நிறுவனம் செழித்தது உண்மை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரேனுக்கு அந்த வார்த்தைகள் கடை கடையாக ஏறி இறங்கிய அனுபவம். மற்றவர்களுக்கு அவை வெறும் பாடம்.

பாடமே வேண்டாம் என்பதல்ல. 1982-இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ், பயிற்சி கொடுத்த இளைஞர்களை வீடு வீடாக அனுப்பித்தான் வாக்குவம் கிளீனரை இந்தியக் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தியது. முன்பின் தெரியாத வீட்டின் அழைப்பு மணியை அழுத்தும் இருபது வயதுப் பையனுக்கு, கதவு திறந்ததும் முதலில் என்ன சொல்வது என்று தெரிந்திருப்பதே பெரிய தைரியம். நீச்சல் பழகும்வரை சுரைக்குடுக்கை வேண்டும். பழகிய பிறகும் இடுப்பிலிருந்து அதை அவிழ்க்கக் கூடாது என்றால்தான் தொல்லை.

பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர் நீல் ராக்கமும் அவர் குழுவினரும் சுமார் 35,000 விற்பனைச் சந்திப்புகளைக் கவனித்தார்கள். 1988-இல் புத்தகமாக வந்த அவர்களது முடிவு பலருக்குச் சங்கடம் தந்தது. வாடிக்கையாளரை நெருக்கி ஆர்டர் வாங்கும் உத்திகள் சிறிய சரக்குக்குப் பலிக்கலாம். பெரிய விற்பனையில் அவையே காரியத்தைக் கெடுக்கின்றன. அங்கே வெற்றி பெறுபவர் சரியான கேள்வி கேட்டுப் பதிலைக் காது கொடுத்துக் கேட்பவர். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கண்டுபிடிப்பும் நான்கு வகைக் கேள்விகள் கொண்ட இன்னொரு வாய்ப்பாடாகிப் பயிற்சி வகுப்புகளுக்குள் நுழைந்துவிட்டது.

அப்படியானால் எதைத்தான் கட்டாயமாக்கலாம்? ஆயுள் காப்பீட்டில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பாலிசியில் உத்தரவாதமில்லாத ஆதாயத்தை முகவர் தன் இஷ்டத்துக்கு ஊதிக் காட்ட முடியாது. 4, 8 சதவீதம் என்ற இரண்டு அனுமானங்களில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. இங்கே கட்டாயம் வாங்குபவரைக் காப்பாற்றுகிறது. மருந்தானால் பக்க விளைவு, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. கடனானால் வட்டி, அபராதம். இவற்றை ஒரு வரிகூட விடாமல் சொல்லியாக வேண்டும் என்று எந்த நிறுவனமும் தாராளமாக உத்தரவு போடட்டும்.

மறைக்கக் கூடாதது எது என்பதை நிறுவனம் தீர்மானிக்கலாம். எதிரில் இருப்பவர் கேட்டதற்கு என்ன பதில் என்பதை, அங்கே நிற்பவர்தான் தீர்மானிக்க முடியும். அந்த உரிமையைப் பறித்துக்கொள்ளும் நிறுவனம், இலக்கு தவறும்போது பழியையும் தானே ஏற்க வேண்டும். நடப்பது வேறு: வாசகத்துக்கு மெமோ கிடையாது, ஒப்பித்தவருக்குத்தான்.

டாக்டரின் அறைக்கு வெளியே வரிசை இன்னும் குறையவில்லை. அதில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம். அவருக்கு வேண்டியது நான்காம் பக்கம் அல்ல.