சாலையோர மரங்கள்

பண்டைத் தமிழ் வேந்தர்க்குக் காவல் மரம் இருந்ததும், பகைவர் அதனை வெட்டி வீழ்த்துதல் அவ்வேந்தர்க்குப் பெருந்தோல்வியாகக் கருதப்பட்டதும் சங்க நூல் கற்றார் அறிவர். அன்று பகைவர் செய்த செயலை இன்று நம் ஊர்கட்கு நாமே செய்து வருகின்றோம்.

அதியமான் ஆண்ட தகடூர் நாட்டினது எம் இண்டூர். மழை சுருங்கிய இந்நிலத்தில் வழிப்போக்கர்க்குப் புளியமரமே குடை. அடிமரத்தில் எண் எழுதப்பெற்று, ஆண்டுதோறும் காய் ஏலம் விடப்பெறும் சாலைப்புளி நிழலோடு பொருளும் தருவது. சாலையை அகலமாக்கியபோது அத்தகைய மரம் ஒன்று வீழ்ந்தது. அதனடியில் வேர்க்கடலை விற்ற மூதாட்டியார், கூடையை எங்கே இறக்குவதென்று அறியாது திகைத்து நின்றதை யாம் கண்டோம். இன்று பேருந்துக்குக் காத்திருப்போர்க்குத் தம் நிழலன்றி வேறு நிழலில்லை.

‘சாலை வேண்டாவோ?’ என்று வினவுவார்க்கு, ‘வேண்டும்’ என்பதே எம் விடை. ஆயின் மரமும் வேண்டும். பொதுவிடத்து மரங்களை வெட்டுதற்கு இசைவு ஆராயும் பசுமைக் குழுக்களைத் தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டில் அமைத்தது. வெட்டும் மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுதல் வேண்டும் என்பது விதி. நன்றே, எனினும் நட்ட அளவில் பத்துக் கன்று ஒரு மரத்துக்கும் ஈடாகா. நடுவிழாவிற்குத் திரண்டு வருவோர் கோடையில் குடத்தொடு வருவதில்லை. எம்மூர்ப் பேருந்து நிறுத்தத்தருகே நட்டவற்றுள் புங்கங்கன்று ஒன்றே பிழைத்தது. தேநீர்க்கடைப் பெரியவர் ஒருவர் குவளை கழுவிய நீரை நாடோறும் அதற்கு வார்த்தமையே காரணம்.

கன்னட நாட்டிற் சாலுமரத திம்மக்கா என்னும் அம்மையார், மகப்பேறு வாயாமையின், ஹுலிகலுக்கும் குதூருக்கும் இடைப்பட்ட சாலையில் ஆலங்கன்றுகளை நட்டுத் தம் கணவரொடு குடங்களில் நீர் சுமந்து மக்களெனவே வளர்த்தார். அவை 385 மரங்கள் என்பர். 2019ஆம் ஆண்டிற் சாலை விரிவினால் அவற்றிற்கு இடர் வரவே, அவர் முறையிட, மரங்களைக் காக்க வழி காண்பதாக அரசு உறுதி கூறிற்று. 2025ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ஆல்கள் நிழல் தருகின்றன.

ஆதலின், அன்பர்காள், கன்று ஒன்றுக்கு நீர் வார்ப்பார் ஒருவரைப் பெயர் குறித்து அமர்த்துவோமாக. மூன்று கோடை கடந்த கன்றினையே நட்ட மரமெனக் கணக்கில் எழுதுவோமாக. அக்கணக்கின்படி எம்மூர்ப் பெரியவரின் புங்கு இரண்டு கோடை கடந்துளது. மூன்றாவது கோடை அணித்தே வருகின்றது.