பல்பு அல்ல, மங்கல்

நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு இரவில் திருவனந்தபுரம் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜூன் மாத மழை. பாறசாலையைத் தாண்டியதும் பானெட்டுக்கு முன்னால் திடீரென்று ஒரு கறுப்புக் குடை முளைத்தது. குடைக்கு அடியில் ஒரு மனிதர். பிரேக்கை மிதித்தேன். வண்டி சற்று வழுக்கி, அவர் வேட்டியின் நுனியைத் தொடும் தூரத்தில் நின்றது. அவர் திட்டவில்லை. குனிந்து என் காரின் விளக்குகளை ஒருமுறை பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே நடந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பக்கத்தில் இருந்த மனைவி கரமனை வரும்வரை வாய் திறக்கவில்லை.

பல்பில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். மறுநாளே ஒரு கடைக்குப் போய், 60 வாட் பல்பு இருந்த இடத்தில் 100 வாட் பல்பு வாங்கி மாட்டினேன். சட்டம் அதை அனுமதிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும், விற்றவருக்கும் தெரியும். விளைவு விசித்திரமாக இருந்தது. சாலை முன்பைவிடத் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் என்னைப் பார்த்து விளக்கை அணைத்து அணைத்து எரித்தது. இந்த ஊர் டிரைவர்களுக்குத் திமிர் அதிகம் என்று மனைவியிடம் சொன்னேன்.

அடுத்தது பக்கத்து வீட்டுக்காரரின் வைத்தியம்: பற்பசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய துணியால் பற்பசை போட்டுத் தேய்த்தேன். விளக்கு பளபளத்தது. வெற்றிக் களிப்பில் எதிர்வீட்டு ஸ்கூட்டர் விளக்கையும் தேய்த்துக் கொடுத்தேன். ஓணம் வருவதற்குள் என் விளக்குகள் பழையபடி மஞ்சளாகின. உண்மையில் பழையதைவிட மோசமாக.

கடைசியில் பேட்டைப் பக்கம் ஒரு சின்ன வர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். பட்டறைத் தலைவரை இங்கே ஆசான் என்பார்கள். ஆசான் விரல் நகத்தால் விளக்கின் மேல் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பல்பல்ல சாரே, சில்லு மங்ஙிப்போயி." மலையாளத்தில் சில்லு என்றால் கண்ணாடி. மங்ஙல் என்பது நம்முடைய மங்கல்தான். மூக்கில் கொஞ்சம் கூடுதலாக ஒலிக்கும், அவ்வளவே. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அந்தச் சொல் உறவு புரிந்தது. விளக்கு ஏன் மங்கியது என்பதை அவர்தான் புரியவைத்தார்.

முதலில், அது கண்ணாடியே இல்லை. அம்பாசடர் காலத்து வட்ட விளக்குகளுக்குத்தான் கண்ணாடி. கல் பட்டால் உடையும், உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் துருப்பிடிக்கும். ஆனால் கண்ணாடி மஞ்சளாவதில்லை. இப்போதைய கார்களில் இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டுபிடித்த பொருள். எடை குறைவு, எளிதில் உடையாது, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஒரே பலவீனம், வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அதன் மேற்பரப்பைச் சிதைத்து மஞ்சளாக்கும். மேலே கீறலும் எளிதில் விழும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் ஒரு மெல்லிய காப்புப் பூச்சு பூசி அனுப்புகிறார்கள்.

அந்தப் பூச்சுக்கும் ஆயுள் உண்டு. திருவனந்தபுரத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்தக் கூரை இல்லை. 12 வருட வெயிலில் பூச்சு உரிந்தது, பிளாஸ்டிக் வெளுத்தது. மங்கிய பரப்பு வெளிச்சத்தை முன்னால் அனுப்பாமல் நாலா பக்கமும் சிதறடிக்கும். சாலைக்குப் போக வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும். பல்பு பெரிதானால் சிதறலும் பெரிதாகும். பற்பசை என்ன செய்தது என்பதும் விளங்கியது. அதிலுள்ள மென்மையான உரசு பொருள் மங்கலை மட்டுமல்ல, மிச்சம்மீதி இருந்த காப்பையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிட்டது.

இது அலங்காரப் பிரச்சினை இல்லை. அமெரிக்காவின் ஆட்டோமொபைல் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சாதாரண பீமில் மங்கிய விளக்குகள் புது விளக்கின் வெளிச்சத்தில் சுமார் 22 சதவிகிதம்தான் தருகின்றன என்றது. தேய்த்துப் புதுப்பித்தால் சுமார் 70 சதவிகிதம் திரும்பக் கிடைக்கிறதாம்.

ஆசான் முதல் வேலையாக 100 வாட் பல்பைக் கழற்றி வைத்தார். விளக்கைச் சோப்பு நீரால் கழுவி, பெயின்ட் கெடாமலிருக்கச் சுற்றிலும் டேப் ஒட்டினார். பிறகு வாட்டர் பேப்பர். முதலில் 800 நம்பர், அடுத்து 1500, பிறகு 2000, கடைசியில் 3000. தண்ணீர் தெளித்துக்கொண்டே, ஒவ்வொரு நம்பருக்கும் கை போகும் திசையை மாற்றி மாற்றித் தேய்த்தார். முன்னதன் கீறல் மறைந்ததா என்று அப்போதுதான் தெரியுமாம். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் பால் வழிந்தது. விளக்கு முன்பைவிட வெள்ளையாகப் பூத்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பயப்படாதீர்கள் என்று கையமர்த்தினார். பாலிஷ் போட்டதும் பளிங்கு மாதிரி தெளிந்தது.

பணம் கொடுக்கப் பர்ஸை எடுத்தேன். ஆசான் சிரித்தார். இன்னும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறதாம். இப்படியே ஓட்டிப்போனால், காப்பு இல்லாத பிளாஸ்டிக் சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகும். புற ஊதாவைத் தடுக்கும் புதுப் பூச்சு பூச வேண்டும்; ஆனால் அன்று வானம் மூடியிருந்தது. அவரிடம் இருந்தது வெயிலில் உறையும் வகைப் பூச்சு. இரண்டு நாள் கழித்து வெயில் வந்தபோது கூப்பிட்டார். விளக்கை ஸ்பிரிட்டால் துடைத்து, விரல் படாமல், ஒரே சீராகப் பூசி, வண்டியை வெயிலில் நிறுத்தினார். கெடுத்த வெயிலையே காப்புக்கும் கூப்பிட வேண்டியிருந்தது. இது ஓரிரு வருஷம் தாங்கும், பிறகு மறுபடி பூச வேண்டும் என்றார். உள்பக்கம் மங்கியிருந்தாலோ விரிசல் விழுந்து ஈரம் புகுந்திருந்தாலோ இந்த வேலை பலிக்காது, விளக்கையே மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். மொத்தச் செலவு 1,200 ரூபாய். புது விளக்கு ஜோடிக்கு நான் விசாரித்த விலையில் கால் பங்குகூட இல்லை.

அடுத்த முறை நாகர்கோவிலிலிருந்து திரும்பியதும் இரவில்தான். பாறசாலையில் அந்தக் குடைக்காரரைத் தேடினேன், காணவில்லை. எதிரே வந்த ஒருவர்கூட என்னைப் பார்த்து விளக்கை அணைத்து எரிக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவர்கள் திமிர் காட்டவில்லை. உன்னால் எங்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மங்கல் ஒரே நாளில் வரவில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. எதிரே வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது மாதத்தில் ஒரு நாள், இருட்டியதும் வீட்டு மதில் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன். சுவரில் வெளிச்சத்தின் விளிம்பு கூர்மையாக விழுகிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம்தான் ஆகிறது. எதிரே யாராவது விளக்கை அணைத்து எரித்தால், வீடு திரும்பியதும் முதலில் பார்ப்பது என் விளக்கைத்தான்.