சுமை ஏறும்போது எழும் சீறல்

சமநிலத்தில் ஓசையின்றி ஓடும் ஊர்தி மேட்டில் ஏறும்போது மட்டும் சீறுமாயின் அதன் பொருள் யாது? ஊர்தி வைத்திருப்போர் பலரும் ஒருநாள் எதிர்கொள்ளும் வினா இது. சற்றே ஆழ்ந்து நோக்கினால், இவ்வினா ஊர்தியோடு முடிந்துவிடுவதில்லை என்பதும் விளங்கும்.

நம் புதுவை நகரம் பெரும்பாலும் சமநிலம். மிஷன் வீதியிலும் கடற்கரையை ஒட்டிய தெருக்களிலும் பங்கின் பழைய டீசல் ஊர்தி அமைதியாகவே சென்று வந்தது. ஆனால் நோயாளர் ஒருவரையும் அவர்தம் உறவினரையும் ஏற்றிக்கொண்டு கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையை நோக்கி ஏறும்போது, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியவுடன் 'உஸ்' என்றொரு சீறல் எழும். காலை எடுத்தால் அடங்கிவிடும். நாளடைவில் இழுவை குறைந்தது. பின்னால் கரும்புகை வந்தது. "எஞ்சின் போய்விட்டது சாமி, இறக்கித்தான் பார்க்க வேண்டும்" என்றார் ஒருவர். பங்கின் கையிருப்போ அதற்கு இடந்தருவதாயில்லை. நள்ளிரவில் நோயாளரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும், நோயில்பூசுதல் வழங்க நாம் விரைந்து செல்லவும் அந்த ஊர்தி ஒன்றே துணை. அது நின்றுபோனால் வருந்தப்போகிறவர்கள் ஏழைகளே.

நெடுங்காலமாகப் பட்டறை நடத்திவரும் முதியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டு சென்றோம். அவர் எந்தக் கருவியையும் கையில் எடுக்குமுன் கேள்விகளையே எடுத்தார். "சத்தம் வண்டி நிற்கும்போது வருகிறதா, மிதிக்கும்போது வருகிறதா, பிரேக் பிடிக்கும்போது வருகிறதா?" அம்மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்களின் குறிகள் என்று அவர் விளக்கினார். பெட்ரோல் ஊர்தியில் காற்றை உள்ளிழுக்கும் குழாய்களில் வெடிப்பு இருந்தால், எஞ்சின் சும்மா ஓடும்போதே சீறல் மிகுதியாகக் கேட்கும். ஏனெனில் அப்போதுதான் உள்ளிருக்கும் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, வெளிக்காற்று விரைந்து உள்ளே புகும். பிரேக்கை மிதிக்கும்போது சீறினால் பிரேக் பூஸ்டரைச் சோதிக்க வேண்டும். அதில் காலம் தாழ்த்துவது உயிருக்கே ஆபத்து. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இடத்திலுள்ள கேஸ்கட் பழுதானாலும் முடுக்கும்போது ஓசை எழும். அவ்விடத்தில் கரி படிந்திருக்கும். நச்சுப் புகை ஊர்திக்குள் புகக்கூடும் என்பதால் அதனையும் அலட்சியம் செய்தல் ஆகாது.

நம் ஊர்தியோ டர்போ பொருத்தப்பட்டது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூகி 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்திலிருந்து வளர்ந்தது இக்கருவி. வெளியேறும் புகையின் விசையாலேயே ஒரு சக்கரம் சுழன்று, புதிய காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. அமுக்கப்பட்ட காற்று இன்டர்கூலரில் குளிர்ந்து, ரப்பர் குழாய்களின் வழியே செல்லும். சும்மா ஓடும்போது அக்குழாய்களில் அழுத்தம் இல்லை எனலாம். வெடிப்பு இருந்தாலும் வாய் மூடியே இருக்கும். சுமை ஏறி, அழுத்தம் மிகும்போதுதான் அது வாய் திறந்து சீறும். எஞ்சினுக்குச் சேரவேண்டிய காற்று வழியிலேயே வீணாகிறது. டீசல் முழுமையாக எரியாமல் கரும்புகையாகிறது.

எஞ்சின் நன்கு ஆறியபின், முதியவர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். ஒரு குழாயின் அடிப்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. குழாய்களில் அளவாகக் காற்றைச் செலுத்திச் சோப்புநீர் தெளிக்க, அவ்விடத்தில் நுரை பொங்கியது. ரப்பர் முதிர்ந்து வெடித்திருந்தது. அதனைப் பிடித்திருந்த கிளாம்ப், நம் ஊர் உப்புக்காற்றில் துருவேறித் தளர்ந்திருந்தது. இரண்டையும் மாற்றினார். பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்து அவர் நிறைவடையவில்லை. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கோரிமேடு வரை சென்று திரும்பிய பிறகே கூலி பெற்றுக்கொண்டார். எஞ்சினில் எக்குறையும் இல்லை.

அம்முதியவர் செய்தது, புனித இஞ்ஞாசியார் கற்பித்த தேர்ந்து தெளிதலுக்கு மிக அண்மையில் நிற்கிறது. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற தம் ஆன்மப் பயிற்சிகளில், மனம் கலங்கும்போது எண்ணங்களின் தொடக்கம், நடு, முடிவு ஆகியவற்றைப் பின்னோக்கிப் பார்த்து, அமைதி எவ்விடத்தில் குறையத் தொடங்கியது எனக் கண்டறியுமாறு அவர் வழிகாட்டுகிறார். கலக்கத்தைக் கண்டவுடன் ஆன்மாவையே பழித்துவிட அவர் சொல்லவில்லை.

ஆனால் நாம் பிறரிடத்தில் செய்வது என்ன? ஆண்டுத் திருவிழா நெருங்கியபோது, அன்பியக் கூட்டத்தில் பெண்மணி ஒருவர் அனைவர்மேலும் எரிந்து விழலானார். ஆண்டு முழுதும் இன்முகத்தோடு உழைப்பவர் அவர். "இனி அவருக்குப் பொறுப்பே தராதீர்கள் சாமி" என்றனர் பலர். எஞ்சினை இறக்கச் சொன்னதும் இதுவும் ஒன்றே. எப்போது முதல் இப்படி என்று விசாரித்தோம். படுக்கையில் விழுந்துவிட்ட மாமியாரை இரண்டு மாதங்களாக இரவெல்லாம் தனியே கவனித்து வந்தார் என்பது தெரியவந்தது. உறக்கமின்றித் தளர்ந்திருந்தவர்மேல் திருவிழாவின் சுமையும் ஏறியபோது சொல் சீறியது. அன்பியத்துப் பெண்கள் இருவர் முறைவைத்து இரவில் துணையிருக்க முன்வந்தனர். அவ்வாண்டுத் திருவிழாவின் அன்னதானப் பொறுப்பை அவரே ஏற்று நடத்தினார்.

தமிழில் ஆவி என்ற சொல் மூச்சையும் குறிக்கும், தூய ஆவியாரையும் குறிக்கும். இறைவன் தரும் ஆவியில் குறைவில்லை. அது நம்மை வந்தடையும் வழியில்தான் வெடிப்புகள் நேர்கின்றன. அவை ஓய்வுநாளில் புலப்படா, சுமைநாளில் ஒலிக்கும். ஆதலால் அன்பர்களே, நம் இல்லத்திலோ அன்பியத்திலோ ஒருவர் சீறக் கேட்டால், அவர் எத்தகையவர் என்று தீர்ப்பிடுமுன், எந்தச் சுமையில் இது எழுகிறது என்று கேட்போம். விடை கிடைத்தால், அச்சுமையின் ஒரு முனையை நாமும் பிடிப்போம்.