இலை கொட்டினாலும் சேமிக்கும் காடு

அமெரிக்கா போகிறவர்கள் நயாகரா, நியூயார்க் என்றுதான் பட்டியல் போடுவார்கள். 2023 அக்டோபரில் பாஸ்டன் அருகே வசிக்கும் என் மகளும் மாப்பிள்ளையும் என்னை ஒரு காட்டுக்கு அழைத்துப் போனார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பீட்டர்ஷாம் என்ற சிற்றூரில், ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1907 முதல் வைத்திருக்கும் ஆராய்ச்சிக் காடு அது. காரில் ஒன்றரை மணி நேரப் பயணம்.

ஓக்கும் மேப்பிளும் குங்குமமும் மஞ்சளுமாய் நின்ற அழகு சொல்லி முடியாது. நம் ஊரில் வெயில் தாங்காமல் இலை கொட்டும். அங்கே குளிருக்குக் கொட்டுகிறது. காட்டுக்குள் வரிசையாக ஓடும் கல் சுவர்கள்தான் எனக்குப் புதிராக இருந்தன. நடுக்காட்டில் எதற்கு வேலி?

அங்குள்ள ஃபிஷர் மியூசியத்தில் விடை கிடைத்தது. செப்புக் கம்பியால் குட்டி மரங்கள் செய்து, கண்ணாடிக்குப் பின்னால் காட்சி காட்சியாக வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே வயலும் மேய்ச்சல் நிலமும்தான். 1850-ஐ ஒட்டி விவசாயிகள் விட்டுவிட்டுப் போக, காடு திரும்பி வந்தது. 1938 புயல் அதிலும் ஏராளமான மரங்களைச் சாய்த்துவிட்டது. ஆக, நூறு வயதை ஒட்டிய மரங்களே அதிகம். காட்டுக்கு அது வாலிப வயசுதானாம்!

இந்த இளங்காட்டின் மூச்சை, மரங்களுக்கு மேல் உயர்ந்து நிற்கும் கோபுரத்தில் கருவி வைத்து 1990களின் தொடக்கத்திலிருந்து அளக்கிறார்கள். கணக்கு நம் வீட்டு வரவு செலவு மாதிரியேதான், சகோதரிகளே! மே மாதம் இலை விட்டதும் வரவு. பகலில் இலைகள் கரியமில வாயுவை இழுக்க, அதிலுள்ள கார்பன் அடிமரமாகவும் வேராகவும் சேர்கிறது. இரவில் மரமும் மண்ணும் மூச்சு விடுவதால் செலவு. இலை உதிர்ந்தபின் குளிர்காலம் பூராவும் செலவேதான். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சருகை மக்க வைக்க வைக்க, வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். வருஷக் கடைசியில் கூட்டிக் கழித்தால், 1990களில் ஒரு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 2.5 ஏக்கருக்கு, சராசரி 2 டன் கார்பன் மிச்சம்!

மரத்தில் சேர்ந்த மிச்சம் மரம் இருக்கிற வரைக்கும்தான். எரித்தாலும் மக்கவிட்டாலும் காற்றுக்கே திரும்பிவிடும்.

மகள் வீட்டுப் பின்னால் தானாக முளைத்த மேப்பிள் தோப்பு ஒன்று உண்டு. அதை வெட்டிப் புல்தரை போட ஆள் பேசி வைத்திருந்தார் மாப்பிள்ளை. திரும்பும் வழியில், "பாதியையாவது விட்டு வையுங்களேன் மாப்பிள்ளை, பேரனுக்குச் சொத்து" என்றேன்.

"பார்க்கலாம் அத்தை" என்றார்.

2024 மே மாதம் மகள் போட்டோ அனுப்பினாள். பாதி இடத்தில் புல்தரை. மீதிப் பாதியில் மேப்பிள் தளிர்.