ஏரியைப் பார்த்திருந்த மாம்பலம்

சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு வீதி உண்டு. ஏரியைப் பார்த்திருக்கும் சாலை என்பது அப்பெயரின் பொருள். ஆனால் அவ்வீதியில் நின்று எத்திசையில் நோக்கினாலும் ஏரி தென்படாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளும், பூக்கடைகளும், பூஜைப் பொருள் விற்கும் கடைகளும், காப்பிப்பொடி அரைக்கும் மணமுமே எதிர்ப்படும். கோதண்டராமரைச் சேவிக்கச் செல்லும் அன்பர்கள் நாள்தோறும் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்தே செல்கிறார்கள். ஏரி எங்கே போயிற்று என்று கேட்போர் அரியர். அக்கேள்விக்கான விடையில்தான் மாம்பலத்தின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

மாம்பலம் என்னும் பெயர் மாங்கனியால் வந்ததன்று. மகாவில்வம் என்ற சொல்லே நாளடைவில் அவ்வாறு மருவிற்று என்பது பெரியோர் வாக்கு. வில்வ மரங்கள் செறிந்திருந்த தலமாதலின் சிவபெருமான் இங்கு உகந்து எழுந்தருளினார் என்பர். காசி விசுவநாதர் கோயிலும் கோதண்டராமர் கோயிலும் மேற்கு மாம்பலத்தில் அருகருகே அமைந்துள்ளன. சிவனை வணங்கிய கையோடு இராமபிரானையும் சேவித்துத் திரும்புவது இவ்வூர் மக்களின் நெடுநாளைய வழக்கம். பட்டாபிராமனாகச் சீதாபிராட்டியுடன் பெருமான் காட்சி தரும் அச்சந்நிதியைத் தென்னாட்டுப் பத்ராசலம் என்று பக்தர்கள் போற்றுகின்றனர்.

நூறாண்டுகளுக்கு முன்பு மாம்பலம் ஒரு கிராமம். வயல்களும் தோப்புகளும் சூழ்ந்த அவ்வூருக்குக் கிழக்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை பேரேரி ஒன்று நீண்டு கிடந்தது. ஆங்கிலேயர் அதனை லாங் டேங்க், அதாவது நீண்ட ஏரி என்றே குறித்தனர். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை ஏந்தி வைத்துக்கொண்டு, கோடையில் கிணறுகளின் ஊற்று வற்றாமல் காத்தது அந்த ஏரி. நுங்கம்பாக்கத்தில் இன்றும் வழங்கும் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு ஆகிய பெயர்கள் அதன் வடபகுதியை நினைவூட்டுகின்றன. வள்ளுவர் கோட்டம் எழுந்து நிற்பதும் அந்த ஏரி நிலத்தின் மீதுதான்.

சென்னை நகரம் பெருகிக்கொண்டே வந்தது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் ஜார்ஜ் டவுனும் நெருக்கடியில் தவித்தன. 1920-ஆம் ஆண்டில் நகரமைப்புச் சட்டம் பிறந்தது. அதன் வழியே 1920-களில் ஏரியின் நீர் வடிக்கப்பட்டு, நிலம் தூர்க்கப்பட்டு, மாம்பலத்தில் புதிய குடியிருப்பு ஒன்று திட்டமிடப்பட்டது. சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கிய சர் பிட்டி தியாகராயர் 1925-இல் மறைந்தார். அவர் பெயரையே அப்புது நகர் தாங்கி நின்றது.

தியாகராய நகரின் நடுவே பனகல் பூங்கா. அதிலிருந்து பல திசைகளிலும் பிரிந்து செல்லும் அகன்ற வீதிகள். ஜி.என்.செட்டி சாலை, உஸ்மான் சாலை, நடேசன் பூங்கா என்று அக்காலத்து நீதிக்கட்சிப் பெருமக்களின் பெயர்கள் அங்கே நிலைபெற்றன. பூங்காவுக்குப் பெயர் தந்த பனகல் அரசர் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக 1921 முதல் 1926 வரை இருந்தவர். கோயில்களின் சொத்துகளையும் வரவு செலவுகளையும் கண்காணிக்க இந்து அறநிலையச் சட்டம் கொண்டு வரப்பட்டது அவருடைய காலத்தில்தான். கோயிலுக்குச் செல்லும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏதோ ஒரு வகையில் தொடர்புடைய அப்பெயரைத் தாங்கிய பூங்காவில், இன்று நடைப்பயிற்சி செய்வோர் பலரும் அதனை அறியார்.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் ஏறினால் சிறிது நேரத்தில் எழும்பூர், இன்னும் சிறிது நேரத்தில் கடற்கரை. அரசு அலுவலர்களும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் இங்கே மனை வாங்கினர். முன்புறம் திண்ணையும் பின்புறம் கிணறும் தென்னையுமாக வீடுகள் எழுந்தன. வீடுகள் இருந்த இடத்தில் காய்கறிக் கடை வந்தது. அதனருகே பாத்திரக் கடை வந்தது. பின்னர்ப் பட்டும் நகையும் வந்தன. சௌந்தரபாண்டியனார் பெயரில் அமைந்த அங்காடி மக்கள் நாவில் பாண்டி பஜார் ஆயிற்று. ரயில் நிலையத்தையும் உஸ்மான் சாலையையும் இணைக்கும் ரங்கநாதன் தெரு ஒரு காலத்தில் குடும்பங்கள் வாழ்ந்த வீதி. இன்று தீபாவளிக்கு முந்தைய நாள்களில் அங்கே கால் வைக்கவும் இடமிராது. புறநகராகப் பிறந்த ஊர், நகரின் நடுக்கடைவீதியாக வளர்ந்துவிட்டது.

வணிகம் வளர்ந்த இடத்தில் வழிபாடும் உடன் வளர்ந்தது. பேருந்து நிலையத்தின் எதிரே சிவா விஷ்ணு ஆலயம் அமைந்திருக்கிறது. மகள் திருமணத்துக்குக் கூறைப்புடவை வாங்க வந்தவர்கள், பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே சற்று அமர்ந்து இளைப்பாறிச் செல்வதைக் காணலாம். வெங்கட்நாராயணா சாலையில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆலயம். திருமலைக்கு ஏற இயலாத முதியோர் பலர்க்கு அதுவே திருமலை. ஜி.என்.செட்டி சாலையில் திரைக் கலைஞர் காஞ்சனா காணிக்கையாக வழங்கிய நிலத்தில் பத்மாவதித் தாயார் ஆலயம் எழும்பி, 2023 மார்ச் 17-ஆம் நாள் குடமுழுக்குக் கண்டது. ஒரு சதுர அடியின் விலை மலைக்க வைக்கும் அவ்வீதியில், அந்நிலத்தை விற்காமல் தாயாருக்கு அளித்த மனம் எண்ணிப் பார்க்கத் தக்கது. ரயில் பாதைக்கு மேற்கே ஆரிய கௌடா சாலையில் உள்ள அயோத்யா மண்டபத்தில் பஜனையும் உபந்நியாசமும் வேத கோஷமும் ஒலிக்கின்றன.

ஆயினும் வளர்ச்சியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நிலத்தின் உருவை மாற்றலாம். நீர் தான் இருந்த இடத்தை மறப்பதில்லை. நுங்கம்பாக்கம் பக்கமிருந்து தியாகராய நகர் வழியே அடையாற்றை நோக்கிச் செல்லும் மாம்பலம் கால்வாய், ஏரி இருந்த நிலத்துக்கு வடிகாலாக எஞ்சிய ஒன்று. அதுவும் குறுகிக் குப்பையால் அடைபட்டது. 2015 டிசம்பரிலும், மீண்டும் 2021 நவம்பரிலும் பெருமழை பெய்தபோது தெருக்கள் ஏரியாயின. 2021-இல் பல தெருக்களில் நாள் கணக்கில் நீர் வடியவில்லை. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதை நீரில் மூழ்குவது மழைக்காலச் செய்தியாகவே ஆகிவிட்டது. தரைத்தளத்தில் வாழும் முதியோர், மாத்திரைப் பெட்டியையும் சுவாமி படங்களையும் மேல்மாடியில் உள்ளவர்களிடம் ஒப்படைத்து அங்கேயே தஞ்சம் புக நேர்ந்தது.

ஏரி என்பது ஓர் ஊரின் வைப்பு நிதி போன்றது. மழை தரும் வட்டியில் மக்கள் ஆண்டு முழுவதும் வாழ்ந்தனர். முதலையே எடுத்து மனைகளாகப் பங்கிட்ட தலைமுறையைக் குறை கூறுவதில் பயனில்லை. அவர்களுக்கும் வீடு வேண்டியிருந்தது. ஆனால் எஞ்சியிருக்கும் சிறு இருப்பையேனும் காப்பது இன்றைய தலைமுறையின் கடன். கோதண்டராமர் கோயில் திருக்குளம் அத்தகைய இருப்பு. திருக்குளம் வெட்டிய முன்னோர் தெப்போற்சவத்தை மட்டும் எண்ணி வெட்டவில்லை. சுற்றிலும் பெய்யும் மழை அங்கே சேரவும், சேர்ந்த நீர் பக்கத்துக் கிணறுகளில் ஊறவும் வேண்டும் என்றே வெட்டினர். படியில் நின்று பொரியையும் பூவையும் நெகிழிப் பையோடு எறியும் கை, அறியாமல் செய்வது எதுவென்று ஒரு கணம் எண்ண வேண்டும்.

அண்மையில் நடப்போர்க்குச் சில வசதிகள் வந்துள்ளன. பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆங்காங்கே அமர்வதற்கு இருக்கைகளும் உண்டு. மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீள ஆகாய நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. மின்தூக்கி இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களும் ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் செல்லலாம். பனகல் பூங்காவின் அடியில் மெட்ரோ ரயிலுக்கான பணியும் நடந்து வருகிறது.

தரிசனத்துக்கு வருவோர் மாம்பலம் நிலையத்தில் இறங்கி, முதலில் மேற்கு வாயில் வழியே சென்று காசி விசுவநாதரையும் கோதண்டராமரையும் வழிபடுவது நலம். காலை வேளையில் வந்தால் வெயிலும் கூட்டமும் இரா. பிறகு நிலையத்துக்குத் திரும்பி, மேம்பாலத்தின் வழியே கிழக்கே சென்றால் சிவா விஷ்ணு ஆலயம். அங்கிருந்து ஆட்டோவில் வெங்கட்நாராயணா சாலை, ஜி.என்.செட்டி சாலை ஆலயங்களையும் முற்பகலுக்குள் சேவித்துவிடலாம். பேரன் பேத்தியர் உடன் வந்தால், லேக் வியூ ரோட்டின் பெயர்ப்பலகையை அவர்களுக்குக் காட்டுவது நல்லது. ஏரி எங்கே என்று குழந்தைகள் தவறாமல் கேட்பார்கள். விடை சொல்லிவிட்டு, அப்படியே கையைப் பிடித்து அழைத்துச் சென்று திருக்குளத்தையும் காட்டலாம்.