மணி எண்ணாத ஏற்றங்கள்

சிவனொளிபாதமலைக்கு இரண்டு முகங்கள் உண்டு. உலகம் நன்கறிந்தது அட்டன் பக்கத்து முகம். அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ்ஸில் வந்து, இரவோடிரவாகப் படியேறி, விடியலில் உச்சியில் நிற்பவர்கள் அம்முகத்தை அறிவார்கள். படிகள் ஏறத்தாழ 5,500 என்பார்கள். இதைப் படிக்கும் உங்களுள் சிலர், லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ விடுமுறைக்கு வந்தபோது அவ்வழியே ஏறியிருக்கவும் கூடும்.

மற்றையது சபரகமுவ முகம். நான் பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கத்தில். என்னை இரண்டு முறை திருப்பியனுப்பிவிட்டு, மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டதும் அந்த முகந்தான்.

மலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியில் இறங்குபவன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் ஏற்கனவே நிற்கிறான். பாதி மலையை அவனுக்காகப் பஸ்ஸே ஏறிவிட்டது. இரத்தினபுரிப் பக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது. பலாபத்தல வழியாகவோ குருவிட்ட எரத்ன வழியாகவோ செல்பவன் தாழ்நிலத்துப் புழுக்கத்தில் தொடங்கி, பல் கிட்டும் குளிர் வரையில் தன் கால்களையே நம்ப வேண்டும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் பிரதேசம் அது. காடு எப்போதும் ஈரமாகவே இருக்கும். வழுக்கும் பாறையும் காலைப் பற்றும் அட்டையும் வழித்துணை.

1344ஆம் ஆண்டில் இங்கு வந்த இபுனு பதூதா, மலைக்கு இரண்டு பாதைகள் இருந்தன என்று எழுதியிருக்கிறார். ஒன்று பாபாவின் பாதை, அதாவது ஆதமின் பாதை. அது கடினமானது. மற்றது மாமாவின் பாதை, அதாவது ஏவாளின் பாதை. அது இலகுவானது, யாத்திரிகர் திரும்பி வருவதற்கு உரியது. இலகுவான பாதையால் ஏறியவனை யாத்திரை செய்தவனாகவே அக்காலத்தவர்கள் மதிப்பதில்லையாம். எது ஏற்றம், எது ஏற்றமன்று என்று கணக்குப் பார்க்கும் வழக்கம் அந்த மலையில் அத்தனை பழையது.

எங்கள் தோட்டம் குருவிட்டவுக்கு அப்பால் இருந்தது. தேயிலைத் தோட்டமன்று, இறப்பர்த் தோட்டம். மலையகம் என்றதும் தேயிலையை மட்டுமே நினைப்பவர்களுக்கு இது புதுமையாக இருக்கலாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் எங்கள் மக்களில் பெரும் பகுதியினர் இறப்பர் மரங்களுக்கிடையிலேயே வாழ்ந்தார்கள். இங்குள்ள தோட்டங்கள் நுவரெலியாவைப்போல் மலை மலையாகத் தொடர்பவை அல்ல. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவு தீவாகக் கிடப்பவை. அந்த இடஅமைப்பின் நன்மையையும் தீமையையும் நாங்கள் இரண்டையும் கண்டோம்.

அம்மா பால் வெட்டினார். விடியுமுன் பிரட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் முந்நூறு மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது. மழை பெய்தால் வேலையே இல்லை. வானம் வெளுத்திருக்கும் காலைகளில், மரங்களின் இடைவெளியில் மலையின் கூம்பு தெரியும். அப்போது அம்மா கத்தியைச் சிரட்டையின் மேல் வைத்துவிட்டு ஒரு கணம் கும்பிடுவார்.

எனக்குப் பத்து வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்தோடு, அம்மா தம் பங்குக்கு ஒரு நேர்த்தியும் வைத்தார். ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து, பிள்ளை எழுந்தால் மலைக்குக் கொண்டுவந்து செலுத்துவதாக வேண்டிக்கொண்டார். ஒரு ரூபாய் அன்று அவருக்குச் சிறு தொகையன்று.

முதல் முயற்சி 1969 ஏப்ரலில். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் எங்கள் லயத்திலிருந்து பதினைந்து பேர் புறப்பட்டோம். கட்டுச்சோறு, தேங்காய்ச் சம்பல், அட்டைக்குத் தேசிக்காயும் சவர்க்காரமும். முன்னால் கங்காணி, நடுவே பெண்களும் பிள்ளைகளும். அரோகரா ஒலியோடு காலையில் ஏறத் தொடங்கினோம். பிற்பகலில் இடி முழங்கியது. சபரகமுவ சித்திரை மழை எப்படிப்பட்டது என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். வந்த வேகத்தில் அது, குரு கங்கைக்குப் போய்ச் சேரும் ஓடை ஒன்றை ஆறாக்கிவிட்டது. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். நீர் இறங்கவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருட்டில் கடக்க முடியாது என்று கங்காணி தீர்த்துச் சொன்னார். அம்மா எதுவும் பேசவில்லை. மஞ்சள் முடிச்சை மீண்டும் மடியில் செருகிக்கொண்டார்.

அடுத்த பருவம் போகலாம் என்றார்கள். மலைக்குப் பருவம் டிசெம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடியும். எங்களுக்கு அந்த அடுத்த பருவம் வரவில்லை. ஓர் ஆண்டு அப்பாவுக்கு நோய். ஓர் ஆண்டு கையில் காசில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி சிற்றப்பா குடும்பம் தமிழகத்துக்குக் கப்பலேறிய ஆண்டில் எவருக்கும் மலை நினைவே இல்லை. 1977 ஓகஸ்டில் பல தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களின் மீதே வன்முறை பாய்ந்தது. வெளியேறியவர்கள் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். பத்திரிகையில் வேலை கிடைத்துக் கொழும்பில் இருந்த நான், அம்மாவை அழைத்து வந்து என்னோடு வைத்துக்கொண்டேன். கொழும்பிலிருந்து மலை தெரியவில்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை.

1986இல் அம்மா இறந்தார். அவருடைய தகரப் பெட்டியில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் செய்த பிரஜாவுரிமை விண்ணப்பத்தை நிராகரித்து வந்த கடிதம். மற்றது, மஞ்சள் முடிச்சு.

இரண்டாம் முயற்சி 1992 மார்ச்சில். எனக்கு அப்போது உடலில் வலு இருந்தது. அலுவலக நண்பர்கள் இருவர் உடன் வந்தார்கள். அவர்களுள் ஒருவர் சிங்களப் புகைப்படக் கலைஞர். எரத்ன வழியாகவே போவோம் என்று நான் சொன்னதற்கு அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை. இறங்கி வரும் யாத்திரிகர்கள் எதிர்ப்படும்போதெல்லாம் 'கருணாவயி' என்றார்கள். மலையில் சிங்கள யாத்திரிகர் ஒருவரையொருவர் வாழ்த்தும் சொல் அது. கருணை கிட்டட்டும் என்பதுபோல். முதன்முறை வருபவனை அவர்கள் 'கோடு' என்பார்கள். நான் அப்போதும் கோடுதான்.

ஹெரமிட்டிப்பானவுக்கு நள்ளிரவு கடந்து வந்து சேர்ந்தோம். அங்கிருந்து மேலே மகாகிரிதம்ப என்னும் செங்குத்தான ஏற்றம். உச்சியின் விளக்குகள் தலைக்கு மேல் தெரிந்தன. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. அந்த இடத்தில் புகைப்பட நண்பர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்து, வியர்வை கொட்டியது. தேநீர்க் கடைக்காரரும் முன்பின் அறியாத யாத்திரிகர் சிலரும் கம்பும் சாக்கும் கொண்டு ஒரு தூக்குக் கட்டினார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி அவரைக் கீழே கொண்டுவந்து சேர்த்தோம். யார் தமிழர், யார் சிங்களவர் என்று அந்த இருட்டில் எவரும் கேட்கவில்லை. நண்பர் பிழைத்தார். முடிச்சு என் சட்டைப் பையிலேயே ஊர் திரும்பியது.

பிறகு கால் நூற்றாண்டு ஓடிற்று. 2018 பெப்ரவரியில், ஓய்வு பெற்றபின், தோட்டத்தில் எஞ்சியிருந்த உறவினர்களைப் பார்க்கச் சென்றேன். அவர்களுடைய பிள்ளைகளுள் சிலர் சிங்கள மொழியில் படிக்கிறார்கள். என்னோடு தமிழில் பேசும்போது சொல்லுக்குத் தடுமாறினார்கள். அந்த வாரம் ஒன்பது பேர் மலைக்குப் போவதாக இருந்தது. நானும் வருகிறேன் என்றேன். அறுபத்தொரு வயதுக்காரன் இப்படிச் சொன்னதும் வீட்டில் ஒரு மௌனம் நிலவியது.

அந்தக் குழுவில் எழுபதைக் கடந்த ஒரு பெரியம்மா இருந்தார். அம்மாவோடு ஒரே மலையில் பால் வெட்டியவர். மலைக்குப் பதினோராம் முறை போகிறார். கையில் ஒரு கம்பு, தோளில் ஒரு பை, காலில் இறப்பர்ச் செருப்பு.

முதல் ஒரு மணி நேரத்தில் இளைஞர்கள் எங்களைக் கடந்து கண்ணுக்கு மறைந்தார்கள். நான் அடிக்கடி நிமிர்ந்து மேலே பார்த்தேன். பெரியம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"மேல என்னத்தப் பாக்குறீங்க தம்பி? முந்நூறு மரத்தையும் ஒண்ணாப் பாத்தா எந்தப் பொம்பளயாவது கத்தியத் தூக்குவாளா? முன்னால நிக்கிற மரத்த வெட்டணும். அது முடிஞ்சாத்தான் அடுத்த மரம்."

அவருடைய நடையில் ஒரு கணக்கு இருந்தது. களைத்த பின் நிற்பவர்களையே நான் கண்டிருக்கிறேன். அவர் களைப்பு வருமுன் நின்றார். நூறு அடி நடப்பார், பத்து மூச்சு நிற்பார். நன்றாக நடக்க முடிகிற இடத்திலும் அதே கணக்குத்தான். ஏன் என்று கேட்டேன். "ஆழமா வெட்டுனா இன்னைக்குப் பால் கூட வரும். நாளைக்கு மரம் பட்டுப்போகும்" என்றார். பட்டையை மட்டும் சீவ வேண்டும், உள்மரத்தைத் தொடக்கூடாது. அம்மாவின் கையிலும் நான் கண்ட தொழில் அது. அதைக் காலாலும் செய்யலாம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

ஓடை வந்தது. கணுக்கால் அளவு நீர். நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எங்களைத் தடுத்த ஓடை அதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. காட்டில் பல ஓடைகள். குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டேன். ஹெரமிட்டிப்பானவில் பழைய தேநீர்க் கடை இல்லை, புதிய கடைகள் இருந்தன. அங்கே சிறிது உறங்கினோம். மகாகிரிதம்பவில் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, ஒரு மரம், இன்னொரு மரம் என்று மனத்துக்குள் எண்ணினேன். முந்நூறு முடிந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். மூன்றாம் முந்நூறு முடியவில்லை; முன்னால் ஏற்றம் முடிந்திருந்தது.

பத்திரிகையில் இத்தகைய செய்திகளுக்குச் 'சிகரத்தை வென்றார்' என்று தலைப்பிடுவது வழக்கம். அந்த விடியலில் மலை தோற்றதாக எனக்குத் தோன்றவில்லை. அது இருந்த இடத்தில் இருந்தது. நான் வந்து சேர்ந்திருந்தேன், அவ்வளவே.

சூரியன் எழுந்ததும் எல்லோரும் மேற்குப் பக்கம் திரும்பினார்கள். மலையின் முக்கோண நிழல் மேகங்களின் மீது நீண்டு கிடந்தது. பருவ காலத்துக் காலைகளில் அந்த நிழல் சபரகமுவயின் மீதுதான் விழுகிறது. எங்கள் இறப்பர் மரங்களும் லயங்களும் பிரட்டுக்களமும் அதன் அடியில் எங்கோ இருந்தன. அம்மா கீழே நின்று கும்பிட்ட இடத்தை அன்று நான் மேலிருந்து பார்த்தேன். பாதத்தை வணங்கி, மஞ்சள் முடிச்சை அவிழ்க்காமலே உண்டியலில் இட்டேன். உள்ளே கிடந்தது செல்லாக் காசாகியிருக்கலாம். நேர்த்திக்கு அது தடையில்லை என்று பெரியம்மா சொன்னார்.

உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனை முறை மலையேறினாயோ அத்தனை முறை அடிக்கலாம் என்பது வழக்கம். பெரியம்மா பதினொரு முறை அடித்தார். என் முறை வந்தது. மூன்று முறை புறப்பட்டவன் நான். ஒரு முறைதான் அடித்தேன்.

அந்த மணி வந்து சேர்ந்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. 1969இல் ஓடைக் கரையில் நின்றவர்களை அது அறியாது. 1992இல் தூக்குச் சுமந்த தோள்களையும் அறியாது. எங்கள் மக்களின் வரலாற்றையும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். 1948இல் பறிபோன பிரஜாவுரிமை, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முழுமையாகத் தீர்ந்தது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். நானே எழுதியிருக்கிறேன். அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டு, மீண்டும் விண்ணப்பித்து, கடிதத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு இறந்தவர்களுக்கு மணியோசை இல்லை. ஆயினும் அவர்கள் மிதித்து மிதித்துத்தான் பின்னால் வந்தவர்களுக்கு அது பாதையாயிற்று.

இறங்கும் வழியில் ஒரு சிங்களக் குடும்பத்தைக் கண்டோம். சிறுவனுக்குக் காய்ச்சல். பாதி வழியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தாயின் முகம் வாடியிருந்தது. பெரியம்மா தம் பையிலிருந்து கொத்தமல்லித் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவளிடம் கொடுத்து, "கருணாவயி" என்றார். அவளும் அதையே திருப்பிச் சொன்னாள். ஏறுபவனுக்கும் இறங்குபவனுக்கும் அங்கே ஒரே சொல்தான். உச்சிக்குப் போனாயா என்று அது கேட்பதில்லை.